மார்கழிக் குளிருக்குக் கைக்கூடு: ஃபிலீஸா, கம்பளியா, இலவம்பஞ்சா?

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு கொங்குப் பக்கம் விடியற்காலைக் குளிர் இறங்கிவிடுகிறது. கோயம்புத்தூரில் ஜனவரி இரவின் வெப்பம் 18, 19 டிகிரி அளவில்தான் நிற்கும். டெல்லிக்காரர்களுக்கு அது குளிரே இல்லை. ஆனால் நாலு மணிக்கு எழுந்து உழவர் சந்தைக்குக் கீரைக்கட்டு ஏற்றுகிறவர்களுக்கும், மில் கேட்டில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேனுக்கும், எழுபது வயது தாண்டிய ஆத்தாமார்களுக்கும் விரல் விறைத்துப்போவது நிஜம். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவையும் ஏறித் தாளவாடி போனாலோ, வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை என்று மேலே போனாலோ கேட்கவே வேண்டாம்.

இவர்களுக்காக வீட்டிலேயே தைக்கக்கூடிய ஒன்று கைக்கூடு. இரண்டு பக்கமும் வாய் திறந்த, உள்ளே பஞ்சு வைத்த துணிக்குழாய். ஒரு பக்கம் வலது கையும் மறுபக்கம் இடது கையும் நுழைந்து உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். மஃப் என்று வெளிநாடுகளில் சொல்வது இதைத்தான். ஐரோப்பாவில் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆணும் பெண்ணும் மிருக ரோமத்தில் இதைச் செய்து போட்டுக்கொண்டார்கள். இன்றும் அமெரிக்கக் கால்பந்தில் பந்தை எறிகிற ஆட்டக்காரர்கள் விரல் விறைக்காமல் இருக்க இடுப்பில் ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆடுகிறார்கள். நமக்குப் புதுசுதான். ஆனால் அதற்கு வேண்டிய துணி முழுக்க நம் ஊரைச் சுற்றியே கிடைக்கிறது: திருப்பூரில் பனியன் துணி, சென்னிமலையில் போர்வை, ஈரோட்டில் எல்லாமே. இத்தனை இருப்பதால்தான் எதை எடுப்பது என்ற குழப்பமும் வருகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையைத் தொடுகிற உள்துணியில்தான் காசையும் கவனத்தையும் போட வேண்டும். வெளித்துணி, பஞ்சு எல்லாம் அதற்கு அப்புறம். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மேலே பார்க்க அழகான துணி, உள்ளே திணித்துத் திணித்துப் பஞ்சு, கை படுகிற இடத்தில் மட்டும் ஏதோ ஒரு பழைய பாப்ளின். அதில் கையை விட்டால் முதலில் சில்லென்றுதான் இருக்கும்.

துணிக்குப் போகும் முன் ஒரு கேள்வி. போட்டுக்கொள்ளப் போகிறவர் உட்கார்ந்திருப்பவரா, நடமாடுகிறவரா? உட்கார்ந்திருப்பவருக்குக் கையுறையை விடக் கைக்கூடு நிச்சயம் மேல். கையுறைக்குள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொரு விரலும் எல்லாப் பக்கமும் சூட்டை இழக்கிறது. கூட்டுக்குள் பத்து விரலும் ஒன்றாகக் கிடப்பதால் ஒன்றின் சூடு இன்னொன்றுக்குப் போகிறது. விரலில் முட்டி வீங்கி மடக்க முடியாத பெரியவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒவ்வொரு விரலாகப் பார்த்து நுழைக்க வேண்டிய பாடு இல்லை.

நடக்கிறவர்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் பாதி வழியை இருட்டில்தான் கடக்கிறார்கள். கால் தடுக்கினால் ஊன்றுவதற்குக் கை வெளியே இருக்க வேண்டும். அவர்களுக்குச் சாதாரணக் கையுறை போதும். வண்டி ஓட்டுகிறவர்களுக்கும் கையுறைதான். ஹேண்டில்பாரில் மாட்டும் உறைகள் சில கடைகளில் கிடைக்கின்றன. ஆனால் பிரேக்கும் கிளட்சும் உள்ளே தட்டாமல் முழுசாக அசையும் என்று உறுதியாகத் தெரியாத எதையும் வண்டியில் மாட்ட வேண்டாம். வீட்டில் தைத்ததையும்தான்.

சந்தையில் கடை போடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவில் வருகிறார்கள். எடை போட, காசு வாங்கக் கை வெளியே வர வேண்டும். ஆள் இல்லாத நேரம் உள்ளே போக வேண்டும். அவர்களுக்குக் கழுத்தில் தொங்கும் பட்டை வைத்துத் தைத்தால் கையுறையைக் கழற்றிக் கழற்றி மாட்டும் தொல்லை இல்லை. பட்டையை முடிச்சுப் போட்டுத் தைத்துவிடாமல் ஒரு முனையில் பிரஸ் பட்டன் வையுங்கள். எதிலாவது மாட்டி இழுத்தால் கழுத்தை இறுக்காமல் கழன்று வந்துவிடும்.

சரி, உள்துணி. இதில் உண்மையான போட்டி மூன்று துணிகளுக்கு இடையில்தான்.

முதலாவது, திருப்பூரில் நைட் பேன்ட்டுக்கும் ஸ்வெட் சட்டைக்கும் ஓட்டும் காட்டன் ஃபிலீஸ். வெளிப்பக்கம் வழவழவென்று இருக்கும். உள்பக்கம் ரைசிங் மெஷினில் கொடுத்து நூலைக் கிளப்பி விட்டிருப்பார்கள். அந்தக் கிளம்பிய இழைகளுக்கு நடுவில் காற்று தங்குகிறது. நமக்குச் சூடு கொடுப்பது துணி இல்லை, அதற்குள் அசையாமல் நிற்கிற காற்றுதான். திருப்பூர் காதர்பேட்டையில் கட்பீஸாகவே கிடைக்கும். எடுக்கும்போது உள்பக்கத்தைப் புறங்கையில் தேய்த்துப் பாருங்கள். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அதற்கு வித்தியாசம் தெரியாது. அப்புறம் விரலால் நாலு தரம் அழுத்திச் சுரண்டிப் பாருங்கள். இழை கையோடு வந்தால், கொஞ்ச நாளில் உள்ளே உருண்டை உருண்டையாகச் சேர்ந்துவிடும். 280 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணி இத்தனை கிராம் எடை என்பதற்கான அளவு) அளவுக்கு இருந்தால் தனியாகப் பஞ்சே இல்லாமல் சமவெளிக் குளிரைத் தாங்கும்.

இதன் பலவீனம் ஈரம். பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், சீக்கிரம் காயாது. நனைந்த பருத்திக்குள் கையை வைப்பதைவிட வெறுங்கையே மேல். ஆனால் நம் சமவெளியில் மார்கழி, தை மாதங்கள் பெரும்பாலும் காய்ந்த குளிர்தான். பனி பெய்யும், அதற்கு மேல் நனைய வாய்ப்பு குறைவு. அதனால் ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் பக்கத்தில் உட்கார்ந்த இடத்தில் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இதையே முதல் தேர்வாகச் சொல்வேன். கை வேர்த்தாலும் பிசுபிசுக்காது என்பது பெரிய வசதி.

இரண்டாவது, பாலியஸ்டர் ஃபிலீஸ். இரண்டு பக்கமும் மொசுமொசுவென்று, எடை இல்லாமல் இருக்கும். குழந்தைகளின் குளிர்ச் சட்டைகளிலும் மெல்லிய போர்வைகளிலும் பார்த்திருப்பீர்கள். கையை விட்டவுடன் சுகம். தண்ணீரை உறிஞ்சாது, உதறி மாட்டினால் சீக்கிரம் காய்ந்துவிடும். வெட்டிய ஓரம் பிரியாது என்பதால் தையல் இப்போதுதான் பழகுகிறவர்களுக்கும் சுலபம். வால்பாறைக்குத் தயங்காமல் இதுதான். அங்கே குளிர் மார்கழியோடு நிற்பதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் குளிரும் சேர்ந்தே வரும். பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. தேயிலைத் தோட்டத்து வீட்டில் பருத்தி எதுவும் நாள்கணக்கில் காயாது. ஆனால் அடுப்புக்கு முன் உட்காருகிறவர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள். பொறி பட்டால் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். விறகடுப்பு இருக்கிற வீடு என்றால் பருத்தி அல்லது கம்பளி மட்டும்தான்.

மூன்றாவது, கம்பளி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாறுவது இதில்தான். நம் பக்கத்தில் கோயம்புத்தூர் குரும்பை ஆட்டின் முடி முரடானது. அதில் ஆடு வளர்க்கும் குரும்பர்கள் நெய்த கம்பளியை இன்றும் சில பட்டிதொட்டிகளில் வைத்திருக்கிறார்கள். பனிக்கும் மழைக்கும் அசையாது. ஆனால் தோலில் நேராகப் பட்டால் குத்தும், வயசானவர்களின் மெல்லிய தோலில் அரிப்பெடுக்கும். அதனால் அந்தக் கம்பளி உள்துணிக்கு ஆகாது, நடு அடுக்குக்கு அற்புதமாக ஆகும். சேலம், ஈரோடு பக்கத்து மேச்சேரி ஆட்டை நினைத்துக் கேட்கிறவர்களும் உண்டு. அது கறிக்கும் தோலுக்கும் பேர்போன ஆடு, அதில் கம்பளி கிடையாது.

பஸ் ஸ்டாண்டுக் கடையில் கம்பளி என்று கொடுப்பதில் பெரும்பாலும் அக்ரிலிக்கும் கழிவு நூலும்தான். ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, எரிந்த முனை விரலில் பொடிந்தால் கம்பளி. சொட்டாக உருகிக் கெட்டியான மணி மாதிரி நின்றால் செயற்கை நூல். காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பல் விட்டால் பருத்தி.

வீட்டில் பழைய ஸ்வெட்டர் கிடந்து, அது நிஜக் கம்பளி என்று இந்தச் சோதனையில் தெரிந்தால், மூன்றிலும் சிறந்த உள்துணி உங்கள் அலமாரியிலேயே இருக்கிறது. மெல்லிய கம்பளி நூலில் பின்னிய ஸ்வெட்டர் முரட்டுக் கம்பளி மாதிரி குத்தாது. சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கசக்கி, பச்சைத் தண்ணீரில் அலசி, மறுபடி சுடுதண்ணீர் என்று மாற்றி மாற்றிச் செய்தால் கம்பளி இழையின் மேல் உள்ள செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு துணி சுருங்கி, கனத்துக் கெட்டியாகிவிடும். பின்னல் கண்ணே தெரியாது. அதன் பிறகு கத்தரியில் எப்படி வெட்டினாலும் நூல் பிரியாது. ஈரம் பட்டாலும் கம்பளி தன் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீரை உள்வாங்கிக்கொண்டு, தொடுவதற்கு நனைந்த மாதிரியே தெரியாமல் நிற்கும். ஊட்டியில் ஜனவரியில் உறைபனி படிகிற நாட்களுக்கு இதற்கு ஈடு வேறு எதுவும் இல்லை. நம் பிள்ளைகள் யாராவது குளிர்நாட்டில் வேலைக்கோ படிப்புக்கோ போகிறார்கள் என்றாலும் இதைத்தான் தைத்துக் கொடுக்க வேண்டும். நிஜக் கம்பளி ஸ்வெட்டர் கிடைக்காமல் புதிதாக வாங்கித்தான் சுருக்க வேண்டும் என்றால் கட்டுப்படியாகாது. ஃபிலீஸுக்கே போய்விடுங்கள்.

பஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். பெரியவர்கள் கேட்டால் முதலில் இலவம்பஞ்சைத்தான் சொல்வார்கள். இழை உள்ளே குழாய் மாதிரி காலியாக இருப்பதால் காற்றைப் பிடித்து வைக்கும். எடையே தெரியாது, தண்ணீரும் லேசில் ஒட்டாது. எல்லாம் சரிதான். ஆனால் கைக்கூட்டுக்குள் அது இருக்கிற இடத்தில் இருக்காது. கை போய்ப் போய் வரும்போது நடுவில் இருந்து நகர்ந்து ஓரத்தில் மூட்டையாகச் சேர்ந்துவிடும். கட்டம் கட்டமாகத் தையல் ஓட்டி அடைத்தாலும், தளர்வாக நெய்த துணி வழியே மெல்லிய இழை வெளியே வந்து சேலையில் ஒட்டும், மூக்கில் ஏறும். இழைப்பு உள்ளவர்களுக்கு வைக்கவே கூடாது. துவைத்தால் கட்டி தட்டிவிடும். தலையணைக்கு அதுதான் ராஜா, இங்கே வேண்டாம்.

ஷீட்டாக வரும் பாலியஸ்டர் பஞ்சு நகராது, துவைக்கலாம். அரை இஞ்ச் கனம் போதும். இங்கேதான், "ஏனுங், இன்னுங் கொஞ்சம் பஞ்சு வெச்சாத் தேவலைங்களே" என்று கேட்பார்கள். வெளித்துணியின் அளவைப் பெரிசாக்காமல் பஞ்சை மட்டும் கூட்டினால் அது நசுங்கி, உள்ளே நிற்க வேண்டிய காற்று போய்விடும். கை நுழைகிற இடமும் குறைந்து இறுக்கமாகும். இறுகிய கூட்டில் விரலுக்கு ரத்தம் சரியாகப் போகாது, சூடு குறையத்தான் செய்யும்.

காசே போடாமல் செய்ய வேண்டும் என்றால் பனியன் கம்பெனிக் கட்டிங் வேஸ்ட் இருக்கிறது. துண்டுகளை அப்படியே திணிக்காமல், இரண்டு பழைய துணிகளுக்கு நடுவில் ஒரே சீராகப் பரப்பி மேலே குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டு ஷீட்டாக்கிக்கொள்ளுங்கள். கனமாக இருக்கும், துவைத்தால் காய நேரமாகும். ஆனால் வாட்ச்மேன் மடியில் கிடக்கும் கூட்டுக்குக் கனம் ஒரு குறையே இல்லை.

வெளித்துணிக்கு நான் யோசிப்பதே இல்லை. சென்னிமலைக் கைத்தறிப் போர்வைதான். நூல் நெருக்கமாக, அழுத்தமாக நெய்திருப்பதால் காற்று உள்ளே புகாது. ஒரு போர்வையில் பல கூடு வெட்டலாம், அதனால் ஓரம் கிழிந்த பழசையே எடுங்கள். பழசு ஏற்கெனவே சுருங்கி முடிந்திருக்கும். புதுசானால் வெட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பிலேயே வெளித்துணி சுருங்கி உள்துணி பிதுங்கும். பவானி ஜமக்காளம் அழகுதான், ஆனால் விறைப்பு. குழாயாக வளைத்தால் மடிப்பு விழுந்து நிற்கும், வீட்டுத் தையல் மெஷினில் நாலு அடுக்கு ஓடாது. பழைய ஜீன்ஸ் நன்றாக உழைக்கும். வால்பாறைக்கு மட்டும் மழைக்கோட்டுத் துணி. கல்யாணம், கோயில் என்று போட வேண்டும் என்கிறவர்கள் சிறுமுகைப் பட்டில் பழசு இருந்தால் மேலே வைத்துக்கொள்ளலாம், சூட்டுக்கு அது எதுவும் சேர்க்காது.

அளவு சொல்கிறேன். வெளித்துணி 13 இஞ்சுக்கு 21 இஞ்ச். உள்துணி 13-க்கு 20. உள்ளே இருப்பது ஒரு இஞ்ச் குறைந்தால்தான் சுருக்கம் விழாமல் படியும். பஞ்சு ஷீட் 11-க்கு 20. ஓரத்தில் ஒரு இஞ்ச் பஞ்சில்லாமல் விட்டால்தான் வாயைத் தைக்கும்போது ஊசி திணறாது. நீளப்பக்கத்தின் இரண்டு முனைகளையும் சேர்த்து அரை இஞ்ச் தையலில் இரண்டு துணிகளையும் தனித்தனிக் குழாயாக்குங்கள். ஒன்றை இன்னொன்றுக்குள் விட்டு, நடுவில் பஞ்சைச் சுற்றி, ரைசிங் பக்கம் கையைப் பார்த்து இருக்கிறதா என்று ஒரு தரம் பார்த்துவிட்டு, இரண்டு வாயிலும் கையால் இழையோட்டிக்கொள்ளுங்கள். இரண்டு குழாயின் மூட்டும் ஒரே இடத்தில் வராமல் எதிரெதிர்ப் பக்கம் வரட்டும். ஒரே இடத்தில் வந்தால் அந்த வரப்பு புறங்கையில் அழுத்திக்கொண்டே இருக்கும்.

வாய்ப்பக்கத்தில் எலாஸ்டிக்கா, ரிப்பா, சும்மா மடித்து அடிப்பதா என்று கேட்டால், ரிப்தான். பனியன் கழுத்துக்குப் போடுகிற அதே துணி, திருப்பூரில் துண்டாகக் கிடைக்கும். முஷ்டியைச் சுற்றி டேப்பால் அளந்து அதில் ஒரு இஞ்ச் குறைத்து வெட்டுங்கள். அகலம் 5 இஞ்ச், மடித்தால் இரண்டரை. குழாயின் வாயில் நாலு சின்ன மடிப்புப் பிடித்துச் சுற்றளவைக் குறைத்துக்கொண்டு, ரிப்பை இழுத்துப் பிடித்துத் தையல் போட்டால் மணிக்கட்டில் சரியாக உட்காரும். காற்று நுழைகிற வழி அதுதான், அதை அடைத்தால் பாதிக் குளிர் போனது. எலாஸ்டிக் இறுக்கமாக இருந்தால் தோலில் தடம் விழும், நாள்பட்டால் தளர்ந்துவிடும். கை வீக்கம் உள்ளவர்களுக்கு ரிப்பையும் குறைக்காமல் முஷ்டி அளவே வையுங்கள். ஊசி 16 நம்பர், தையல் நீளமாக. ஓவர்லாக் இல்லையென்றால் ஜிக்ஜாக் போதும். மெஷினே இல்லாதவர்கள் இரட்டை நூலில் கையாலேயே தைக்கலாம், என்ன, ஒரு சாயங்காலத்துக்குப் பதில் இரண்டு மூன்று ஆகும்.

உள்ளே சூடு வைக்க வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். உள்துணியில் ஒரு பை தைத்து, வாணலியில் வறுத்த கல்லுப்பைக் கெட்டிக் காடாத் துணியில் முடிந்து வைக்கலாம், ஒத்தடத்துக்குச் செய்கிற அதே முறை. சுடுதண்ணீர்ப் பையை விட எனக்கு இது பிடிக்கும், ஒழுகும் பயம் இல்லை. பாலியஸ்டர் உள்துணியில் மட்டும் இது கூடாது. சர்க்கரை நோயால் விரல் மரத்துப் போனவர்களுக்குச் சூடு தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், அவர்களுக்கு வெறும் கூடு மட்டும் போதும். குளிர் பட்டதும் யாருக்காவது விரல் வெளுத்து, அப்புறம் நீலம் பாய்கிறது என்றால் எந்தத் துணி என்று யோசிப்பதற்கு முன் டாக்டரிடம் காட்டுங்கள்.

மறதி நோய் வந்த பெரியவர்களுக்கு இது இன்னொரு விதத்தில் உதவுகிறது. கை சும்மா இருக்காமல் சேலை முந்தானையை முறுக்கிக்கொண்டே, பொத்தானைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். பிரிட்டன் மருத்துவமனைகளில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே பின்னிய கைக்கூட்டில் பொத்தான், நாடா, மணி எல்லாம் தைத்துக் கொடுக்கிறார்கள். கைக்கும் வேலை, மனசுக்கும் நிம்மதி. நம் வீட்டு ஆத்தாவுக்குத் தைத்தால் அவர் கை அறிந்த பொருளையே உள்ளே வையுங்கள்: பழைய சுங்குடிச் சேலையின் ஒரு துண்டு, ஜாக்கெட் பொத்தான், குஞ்சம். வாயில் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் பொத்தானும் மணியும் வேண்டாம், துணியும் நாடாவும் மட்டும். எதை வைத்தாலும் இழுத்துப் பார்த்து உறுதியாகத் தையுங்கள். இப்படிப்பட்ட கூடு அடிக்கடி அழுக்காகும், அதனால் இதற்குக் கம்பளி வேண்டாம், காட்டன் ஃபிலீஸ்தான்.

துவைக்கும்போது உள்ளே வெளியே திருப்பி, பிழியாமல் அமுக்கித் தண்ணீரை எடுங்கள். கொடியில் போர்த்திப் போட்டால் உள்பக்கம் காயாது. ஒரு வாயில் இரண்டு கிளிப் போட்டுக் குழாய் செங்குத்தாகத் தொங்குமாறு மாட்டினால் காற்று உள்ளே ஓடிச் சீக்கிரம் காயும். சுருக்கிய கம்பளிக்குச் சுடுதண்ணீர் காட்டாதீர்கள், இன்னும் சுருங்கும். பங்குனி வெயில் வந்ததும் பரணில் போடுகிறவர்கள் பருத்தியையும் பாலியஸ்டரையும் அப்படியே மடித்து வைக்கலாம். கம்பளியை மட்டும் நன்றாக வெயிலில் காயப்போட்டு, காய்ந்த வேப்பிலையோ பாச்சைக் குண்டோ போட்டு, காற்றுப் புகாத கவரில் கட்டி வையுங்கள். பூச்சி தேடி வருவது அதைத்தான்.